தோட்டத்துத் திரையில் தெரிந்த பட்டணம்

பேராக் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பழைய தலைமுறையிடம் 'பட்டணம் எப்படி இருக்கும்?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் வருணிப்பது ஈப்போவை அல்ல, கோலாலம்பூரையும் அல்ல. கடலை ஒட்டி ஒரு நீண்ட சாலை, சிவப்புக் கட்டடங்கள், ஒரு பெரிய ரயில் நிலையம், அதன் வாசலில் வரிசையாக ரிக்‌ஷாக்கள், எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற ஓர் உயரமான கட்டடம். இதுதான் அவர்களுடைய பட்டணம். அதாவது சென்னை. அவர்களில் மிகப் பலர் வாழ்நாளில் ஒரு தடவைகூட அந்த ஊருக்குப் போனதில்லை என்பதுதான் வேடிக்கை.

போகாத ஊர் எப்படித் தெரிந்தது? படத்தில் பார்த்ததுதான். ஜெலாப்பாங்கைத் தாண்டி செம்மோர், சுங்கை சிப்புட் என்று நீளும் வட்டாரத்திலும், பேராக்கின் மற்றத் தோட்டங்களிலும், திடலில் கழி நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் ஒன்று இருந்தது. விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டிய தொழிலாளி பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, இடம் வலமாக மாறித் தெரிந்த சென்னையைப் பார்த்தார்கள்.

அந்தத் துணியில் தெரிந்தது எந்தச் சென்னை? யாருடைய சென்னை? இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. ஏன் என்றால், பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபோது, லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுக் கோலாலம்பூருக்கும் மற்ற நகரங்களுக்கும் போன குடும்பங்களுக்குப் பட்டணத்தைப் பற்றி இருந்த முன்னறிவில் பெரும்பகுதி திரையில் படித்த பாடம்தான்.

ஆவடி முகாமைத் தாண்டாதவர்கள்

மலாயாவுக்கு வந்த முதல் தலைமுறைத் தொழிலாளிக்குச் சென்னை ஒரு நகரமாக அறிமுகமானதே இல்லை. ஒரு பகுதியினர் ஆவடி முகாமில் தங்க வைக்கப்பட்டுக் கப்பல் ஏறினார்கள். மற்றொரு பகுதியினர் நாகப்பட்டினம் வழியாக வந்தார்கள். முகாம், மருத்துவச் சோதனை, கப்பல், அதன் பிறகு பினாங்கு அருகே புலாவ் ஜெரஜாக் தீவில் தனிமைப்படுத்தல். சென்னையின் கடற்கரையையும் கடைத்தெருவையும் நின்று பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

1938-இல் இந்திய அரசாங்கம் தோட்டத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதற்குத் தடை விதித்தது. ஊரிலிருந்து புதிய முகங்கள் வருவது ஏறக்குறைய நின்றுபோனது. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' வெளிவந்தது 1931-இல். தமிழ்ப்படத் தொழில் சென்னையில் வேரூன்றியதும், மலாயாவுக்கு ஆட்கள் வருவது நின்றதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தவை. ஆட்கள் வராத இடத்துக்குப் படச்சுருள் வந்தது. ஊர்ச் செய்தியைக் கொண்டுவரும் உறவினரின் வேலையை அந்தச் சுருள் பார்க்கத் தொடங்கியது.

அந்தத் தொடக்க காலப் படங்களில் ஒன்று 1936-இல் வந்த 'சதி லீலாவதி'. எம்.ஜி.ஆர். சிறு வேடத்தில் அறிமுகமான படம் என்றுதான் இன்று பலரும் இதை நினைவில் வைத்திருக்கிறார்கள். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கிய இந்தப் படத்தின் கதை எஸ்.எஸ். வாசன் எழுதியது. சென்னையில் வசதியாக வாழும் கிருஷ்ணமூர்த்தி, தீய நண்பனின் கூட்டால் குடிக்கு அடிமையாகிறான். கொலை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடுகிறான். எங்கே ஓடுகிறான்? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு! அங்கே கூலியாக உழைத்துத் திருந்துகிறான்.

இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். பட்டணம் ஒருவனைக் கெடுக்கிற இடம்; தோட்டம் அவன் தண்டனை அனுபவிக்கிற இடம். படம் பிடித்தவர்களுக்கு இது ஒரு கதைத் திருப்பம். ஆனால் தோட்டத்திலேயே பிறந்தவர்களுக்கு? எந்தப் பாவமும் செய்யாமல், எந்தக் கொலைப் பழிக்கும் ஓடாமல், அதே மலையில், அதே வெயிலில் ஆயிரக்கணக்கானோர் உழைத்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத் தொழிலாளியின் துயரத்தைத் தொட்ட மிக முந்திய தமிழ்ப்படங்களில் ஒன்று என்ற பெருமை 'சதி லீலாவதி'க்கு உண்டு. அதே சமயம், அந்தத் துயரத்தை அது ஒரு சென்னைப் பணக்காரனின் கண் வழியாகத்தான் பார்த்தது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

1952-இல் வந்த 'பராசக்தி'யில் பயணம் எதிர்த்திசையில் நடக்கிறது. மு. கருணாநிதியின் வசனம், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம், சிவாஜி கணேசனின் முதல் படம். ரங்கூனில் வாழும் தமிழன் குணசேகரன், போர்க்காலத்தில் கப்பலேறித் தாய்நாட்டுக்கு வருகிறான். சென்னையில் இறங்கியதும் அவன் முதலில் எதிர்கொள்வது ஒரு பிச்சைக்காரரை. அன்றைக்கே ஒருத்தியின் வஞ்சகத்தில் கைப்பொருள் அத்தனையும் பறிபோகிறது. நேற்றுவரை வசதியாக இருந்தவன் நடைபாதையில் படுக்கிறான்.

வெளிநாட்டுத் தமிழர்களுக்கு இது கதை அல்ல, எச்சரிக்கை. சீட்டுப் பிடித்தும் வயிற்றைக் கட்டியும் சேர்த்த வெள்ளியோடு 'ரஜூலா' கப்பலில் ஊருக்குப் போகக் காத்திருந்தவர்கள் மலாயாவில் ஏராளம். பட்டணத்தில் இறங்கியதும் யாரையும் நம்பக்கூடாது, மடியைத் தளர்த்தக்கூடாது என்ற பாடத்தைக் குணசேகரன் அவர்களுக்கு நடத்திவிட்டான். இத்தனைக்கும் அந்தப் படத்தின் பெரும்பகுதி ஸ்டூடியோவுக்குள் எடுக்கப்பட்டது. அன்றைய படங்களில் சென்னை என்பது பலகையும் பிளாஸ்டரும் கொண்டு கட்டிய ஒரு தெரு, ஒரு விளக்குக் கம்பம், ஒரு திண்ணை. அவ்வளவுதான். அந்தப் பலகைத் தெருவை நம்பித்தான் கடல் கடந்த தமிழர்கள் தங்கள் தாய்நாட்டுத் தலைநகரை மனத்தில் கட்டிக்கொண்டார்கள்.

உயரமான அந்த ஒரு கட்டடம்

1960-களில் கேமரா தெருவுக்கு வந்தது. அதோடு ஒரு புதிய பழக்கமும் வந்தது. கிராமத்துக் கதாநாயகன் ரயிலேறுவான். அடுத்த காட்சியில் அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடம் தெரியும். அவ்வளவுதான், சென்னை வந்துவிட்டது என்று பொருள். வசனமே தேவையில்லை. தோட்டத்துத் திடலில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகூட 'மெட்ராஸ் வந்திருச்சு' என்று சொல்லிவிடும்.

அந்தக் கட்டடத்துக்கும் இந்தப் பக்கத்துக் கடலுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைக் கட்டத் தொடங்கியவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். மலாயாவிலும் கிளை வைத்திருந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937-இல் நிறுவியவரும் அவரே. தம்முடைய காப்பீட்டு நிறுவனத்துக்காக அவர் தொடங்கிய கட்டடம் முடிவதற்கு முன்பே, 1954-இல் சிங்கப்பூர் காலாங் விமான நிலையத்தில் நடந்த விபத்தில் அவர் உயிரிழந்தார். 1956-இல் ஆயுள் காப்பீடு தேசியமயமானது. 1959-இல் கட்டடம் எல்.ஐ.சி. பெயரில் திறக்கப்பட்டது. கீழைக் கடல் வணிகத்தோடு பிணைந்த ஒரு செட்டியார் குடும்பம் எழுப்பத் தொடங்கிய மாடிகளைத்தான், பால்மரக் காட்டில் இருந்த தமிழர்கள் 'அதுதான் பட்டணம்' என்று சுட்டிக்காட்டினார்கள்.

இந்தக் காலப் படங்களில் பட்டணத்தின் முகம் கொஞ்சம் இளகியது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குக் காரணம் நாகேஷ். 1964-இல் 'சர்வர் சுந்தரம்': ஹோட்டலில் பரிமாறுகிறவன் சினிமா நட்சத்திரம் ஆகிறான். படப்பிடிப்பும் பாடல் பதிவும் எப்படி நடக்கின்றன என்பதையே அந்தப் படம் திறந்து காட்டிவிட்டது. 1967-இல் 'அனுபவி ராஜா அனுபவி': தூத்துக்குடிக்காரர் ஒருவர் சென்னைத் தெருக்களில் வியந்தும் மிரண்டும் கேலி செய்தும் பாடிக்கொண்டே நடக்கிறார். அன்றைய நகரம் அந்த ஒரு பாட்டில் ஆவணமாகவே பதிவாகிவிட்டது. 1968-இல் 'எதிர்நீச்சல்': பல குடித்தனங்கள் இருக்கும் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒண்டிக்கொண்டு, எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்து படிக்கிறான் மாது.

மூன்று படங்களுக்கும் கே. பாலசந்தர்தான் எழுத்து. மூன்றிலும் நகரம் ஏமாற்றுகிறது, அவமானப்படுத்துகிறது. ஆனால் கடைசியில் ஒல்லியான ஒரு மனிதனுக்கு ஓர் ஓரத்தில் இடம் கொடுத்துவிடுகிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சென்னை பிடித்துப்போனதில் வியப்பில்லை. மாடிப்படிக்கு அடியில் படுத்தாவது முன்னுக்கு வந்துவிடலாம் என்ற நம்பிக்கை அதில் இருந்தது.

பாலசந்தரே 1977-இல் 'பட்டினப் பிரவேசம்' எடுத்து அந்த நம்பிக்கையை உடைத்தார். கிராமத்துக் குடும்பம் ஒன்று பிழைப்புக்குச் சென்னை வந்து சிதறிப் போகிற கதை. 1980-இல் பாரதிராஜாவின் 'நிழல்கள்' வேலையில்லாத இளைஞர்களைக் காட்டியது. படித்தவனுக்கும் பட்டணத்தில் இடம் இல்லை என்ற காலம் வந்துவிட்டது.

இரண்டு ரிக்‌ஷாக்காரர்கள்

சென்னையின் உழைப்பாளியைக் கதாநாயகன் ஆக்கியவர் எம்.ஜி.ஆர். என்பார்கள். 1971-இல் வந்த 'ரிக்‌ஷாக்காரன்' அதற்குச் சாட்சி. சிறந்த நடிகருக்கான இந்திய அரசின் விருதை அவருக்குப் பெற்றுத் தந்த படம் அது. ஆனால் இந்த வட்டாரத்து மக்களுக்கு இன்னொரு ரிக்‌ஷாக்காரரும் தெரியும். 1955-லேயே பி. ரம்லி, தாம் இயக்கிய முதல் படமான 'பெனாரெக் பெச்சா'வில் திரிஷா ஓட்டுகிற ஏழையாக நடித்துவிட்டார். சிங்கப்பூரில் ஷா நிறுவனத்துக்காக எடுக்கப்பட்ட மலாய்ப்படம். அந்த ஸ்டூடியோவில் இந்திய இயக்குநர்கள் பலர் பணியாற்றினார்கள். ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாக்கிய 'பக்தி' (1950) படத்தின் இயக்குநர் எல். கிருஷ்ணன் சென்னையில் பிறந்து மலாயாவில் வளர்ந்த தமிழர்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். ரம்லியின் திரிஷாக்காரன் பணக்கார வீட்டு வாசலில் தலைகுனிந்து நிற்கிறான். அவனுடைய நல்ல குணம்தான் அவனுக்குத் துணை. எம்.ஜி.ஆரின் ரிக்‌ஷாக்காரன் தலைகுனிவதே இல்லை. சங்கம் போல் ஒரு கூட்டமே அவன் பின்னால் நிற்கிறது. ஒன்றில் ஏழைக்கு அனுதாபம், மற்றொன்றில் ஏழைக்குப் பெருமை. தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போய்ப் பழகிய தோட்டத் தொழிலாளி இரண்டாவதற்குக் கைதட்டியது ரசிகர் மன்ற மோகம் மட்டும் அல்ல.

ஆனாலும் அந்த ரிக்‌ஷாக்காரன் பேசியது உண்மையான ரிக்‌ஷாக்காரரின் மொழி அல்ல. சென்னையின் குடிசைப் பகுதி மக்களுடைய பேச்சு அதுவரை திரையில் சிரிப்புக்குத்தான் பயன்பட்டது. 1958-இல் 'சபாஷ் மீனா'வில் சந்திரபாபு பேசிய சென்னைத் தமிழ் இன்றும் பேசப்படுகிறது. அற்புதமான நடிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் சிரித்தவர்கள் யார், சிரிக்கப்பட்டவர்கள் யார்?

இதற்கு மாறாக இரண்டு படங்களைச் சொல்லலாம். ஒன்று, ஜெயகாந்தன் தமது கதையைத் தாமே இயக்கிய 'உன்னைப்போல் ஒருவன்' (1965). குடிசைப் பகுதியில் வாழும் ஒரு தாயும் மகனும்தான் கதை. பாட்டில்லை, சண்டையில்லை. தேசிய அளவில் விருது கிடைத்தது, கொட்டகையில் கூட்டம் சேரவில்லை. இன்னொன்று, துரை இயக்கிய 'பசி' (1979). காகிதம் பொறுக்கும் குப்பம்மாவாக நடித்த ஷோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அந்தப் பெண் சென்னைத் தமிழ் பேசுகிறாள், யாரும் சிரிக்கவில்லை. மொழி அதேதான். பார்க்கிற கண் மாறிவிட்டது.

கத்தி எடுத்த நகரம்

1987-இல் மணிரத்னத்தின் 'நாயகன்' வந்தது. கதை நடப்பது பம்பாய் தாராவியில். தூத்துக்குடியிலிருந்து ஓடிப்போன சிறுவன் வேலு, தாராவித் தமிழர்களின் காவலனாகவும் கடத்தல்காரனாகவும் வளர்கிறான். நாம் பார்த்த தாராவியின் பெரும்பகுதி தாராவியே அல்ல. தோட்டாதரணி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் கட்டிய அரங்கம் அது. பலகைத் தெருக் காலம் போய்விட்டது என்று நினைத்தோமே, இல்லை. கட்டுகிறவரின் கை மட்டும் தேர்ந்துவிட்டது.

'நாயகன்' பெரிய படம். ஆனால் அது விட்டுச்சென்ற அச்சு அவ்வளவு நல்லதல்ல. வெளியூரிலிருந்து நகரத்துக்கு வந்து, குடிசைப் பகுதியில் ஒதுங்கி, சட்டம் கைவிட்டதால் கத்தி எடுத்து, தன் மக்களுக்குத் தானே நீதிபதி ஆகிற நாயகன். 2000-களில் இந்த அச்சு சென்னைக்கே வந்து சேர்ந்தது. 2006-இல் 'புதுப்பேட்டை', 2007-இல் 'பொல்லாதவன்' போன்ற தேர்ந்த படங்களும் வந்தன; பெயர் சொல்லத் தேவையில்லாத பல படங்களும் வந்தன. வடசென்னை என்றாலே அரிவாள் என்று ஆகிவிட்டது. துறைமுகத்திலும் அச்சகத்திலும் ரயில் பட்டறையிலும் வேலை செய்து, கால்பந்தும் குத்துச்சண்டையும் பழகிய லட்சக்கணக்கான மக்களின் வாழ்க்கை அந்தப் படங்களில் காணாமற்போனது.

இதே 2007-இல்தான் 'பில்லா' வந்தது. அஜித் நடித்த இந்தப் படத்தின் களம் மலேசியா. கண்ணாடிக் கோபுரங்கள், கறுப்புக் கோட்டு, விலையுயர்ந்த கார்கள். பத்துமலையில் ஒரு பாட்டு. 2006-இல் திறக்கப்பட்ட 140 அடி முருகன் சிலை பின்னணியில் பளபளத்தது. கோலாலம்பூர் இவ்வளவு அழகா என்று உள்ளூர்க்காரர்களே கேட்டார்கள். 1978-இல் சுஜாதாவின் லண்டன் கதையான 'ப்ரியா' சினிமாவில் சிங்கப்பூருக்கு இடம் மாறியதிலிருந்தே இந்தப் பக்கத்து நகரங்கள் தமிழ் சினிமாவுக்குச் சுற்றுலாத் தலங்கள்தான். அந்த நகரங்களில் வாழும் தமிழர் யார், எந்தத் தெருவில் குடியிருக்கிறார், என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்க அந்தப் படங்களுக்கு அவசியம் இருக்கவில்லை.

கடைத்தெருவில் ஒரு லயம்

2010-இல் வசந்தபாலன் 'அங்காடித் தெரு'வை எடுத்தார். சென்னைத் தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் உள்ள ஒரு பெரிய ஜவுளிக்கடை. தென்மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து ஆள் பிடித்து வரப்பட்ட இளைஞர்களும் பெண்களும் அங்கே வேலை செய்கிறார்கள். ஒரே கூடத்தில் வரிசையாகப் படுக்கை. சாப்பாட்டுக்கு வரிசை. நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை. தாமதமானால் சம்பளப் பிடித்தம். எதிர்த்துப் பேசினால் அடி.

மலேசியத் தமிழர்கள் இந்தப் படத்தைப் பார்த்தபோது அது சென்னைக் கதையாக மட்டும் தெரிந்திருக்க முடியாது. ஊரில் ஆள் பிடிக்கும் கங்காணி, கும்பலாகப் பயணம், முதலாளி கொடுக்கும் கூரை, முதலாளி கொடுக்கும் சோறு, வேலையை விட்டால் கூரையும் போய்விடும் என்ற அச்சம். இது தோட்டத்தின் கதை. பால்மரத்துக்குப் பதில் துணிக்கட்டு, மண்டோருக்குப் பதில் மேற்பார்வையாளர். எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன் கிருஷ்ணமூர்த்தியைப் பட்டணத்திலிருந்து தோட்டத்துக்கு ஓடவிட்ட தமிழ் சினிமா, தோட்டத்தையே பட்டணத்தின் நடுத்தெருவில் கண்டுபிடித்துவிட்டது. அந்த ஜோதிலிங்கமும் கனியும் கடைசியில் தப்பித்து ஊருக்குப் போகவில்லை. நடைபாதை விபத்தில் கால்களை இழந்த கனியோடு அவன் அதே நகரத்தில், அதே நெரிசலில்தான் பிழைக்கிறான்.

அதன் பிறகு வந்த சில படங்களில் ஒரு மாற்றம் தெரிகிறது. பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) வியாசர்பாடி அடுக்குமாடிக் குடியிருப்பில் நடக்கிறது. நாயகன் காளி எங்கிருந்தும் ரயிலேறி வரவில்லை. அங்கேயே பிறந்தவன், கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறவன். கதையின் மையம் ஒரு சுவர். அதில் யாருடைய படம் வரைவது என்ற சண்டையில் உயிர்கள் போகின்றன. மணிகண்டனின் 'காக்கா முட்டை' (2015) இன்னும் எளிமை. தாங்கள் விளையாடிய இடத்தில் முளைத்த பீட்சாக் கடைக்குள் போக ஆசைப்படும் இரண்டு குடிசைப் பகுதிச் சிறுவர்கள். காசு சேர்த்துக்கொண்டு போயும் உள்ளே விடவில்லை, அறைதான் விழுகிறது. 2021-இல் இரஞ்சித்தே 'சார்பட்டா பரம்பரை' எடுத்து, 1970-களின் வடசென்னைக் குத்துச்சண்டை மரபைத் திரும்பக் கொண்டுவந்தார். இந்தப் படங்களில் எல்.ஐ.சி. கட்டடத்துக்கு வேலையே இல்லை. ஊருக்குள்ளேயே இருக்கிறவனுக்கு 'ஊர் வந்துவிட்டது' என்று எதற்குக் காட்ட வேண்டும்?

இங்கே எடுத்த படங்கள்

அப்படியானால் மலேசியத் தமிழர்களின் நகரம்? ஈப்போ நகரமே இந்த விஷயத்தில் ஒரு விசித்திரமான உதாரணம். அதன் பழைய கடைவீடுகளையும் தெருக்களையும் உலக சினிமா விரும்பியது, ஆனால் வேறு ஊராக. ஆங் லீ இயக்கிய 'லஸ்ட், காஷன்' (2007) படத்தில் ஈப்போ, பழைய ஹாங்காங்காக வேடம் போட்டது. ஈப்போவை ஈப்போவாகவே காட்டியவர் யாஸ்மின் அகமட். அவருடைய 'செப்பெட்' (2004) ஒரு மலாய்ப் பெண்ணும் சீன இளைஞனும் காதலிக்கும் கதை. அந்த ஊரின் தமிழர்கள் அந்தக் கதையின் மையத்தில் இல்லை. அது அந்தப் படத்தின் குறையும் அல்ல. அதை எடுக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

தீபக் குமரன் மேனன் 2005-இல் 'செம்மண் சாலை' எடுத்தார். தோட்டத்திலிருந்து படிப்பால் வெளியேற விரும்பும் ஒரு பெண்ணின் கதை. 2007-இல் 'சலங்கை': பிரிக்பீல்ட்ஸில் பூக்கட்டி விற்கும் தாய், கார் கழுவும் மகன், பரதம் ஆட ஆசைப்படும் மகள். கோபுரங்களின் நிழலில் இருக்கும் கோலாலம்பூர் அது. கொட்டகைகளில் பெரிய ஆரவாரம் இல்லை.

2015-இல் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வந்தது. 1990-களின் தொடக்கம். தோட்டம் இல்லாமல் போன குடும்பங்கள் புறம்போக்கு நிலத்தில் குடிசை போட்டு வாழ்கின்றன. தந்தை, மகன் அப்போய் படித்து ஆளாக வேண்டும் என்று அடித்து வளர்க்கிறார். பையனுக்கோ குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பாதான் நாயகன். தோட்டத்துக்கு வெளியே நகரம் இருக்கிறது. ஆனால் அதற்குள் போகும் வாசல் எது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. 28-வது மலேசியத் திரைப்பட விழாவில், 2016-இல், இந்தத் தமிழ்ப்படம் சிறந்த மலேசியப் படத்துக்கான விருதைப் பெற்றது.

அதே 2016-இல் 'கபாலி'. ரஜினிகாந்த், பா. இரஞ்சித். தோட்டத் தொழிலாளியின் மகன், சம ஊதியம் கேட்டுப் போராடியவன், கோலாலம்பூரில் குண்டர் தலைவனாகி, 25 ஆண்டு சிறையில் இருந்து திரும்புகிறான். உலகம் முழுவதும் தமிழர்கள் மலேசியத் தோட்டத்து வரலாற்றை ஒரு நட்சத்திரத்தின் வாயால் கேட்டது அதுவே முதல் தடவை. அதைச் சிறிய விஷயம் என்று ஒதுக்க முடியாது. ஆனால் அந்த வரலாற்றைச் சொல்ல மீண்டும் ஒரு கோட்டும் துப்பாக்கியும் தேவைப்பட்டன. 'நாயகன்' அச்சு இங்கேயும் வந்துவிட்டது.

படத்தின் முடிவு இரண்டு விதமாக இருந்தது. தமிழ்நாட்டில் திரை இருளாகி ஒரு துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்டது. கபாலி என்ன ஆனார் என்பதைப் பார்ப்பவர்களே முடிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. மலேசியாவில் காட்டப்பட்ட பிரதியில், கபாலி காவல்துறையிடம் சரணடைந்தார் என்று எழுத்தில் போட்டார்கள். செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஈப்போவிலும் கொட்டகையை விட்டு வெளியே வந்த இளைஞர்கள் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள்.